கூடிக் கற்றலின் அறம்

நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். வாங்குகள் கரும்பலகையை நோக்கி வரிசையாய் இருக்கின்றன. ஆசிரியர் சொல்கிறார்; பிள்ளைகள் எழுதுகின்றனர். விளங்காத ஒரு சொல்லைப் பக்கத்திலிருப்பவளிடம் மெல்லக் கேட்ட சிறுமி, "கதைக்காதே" என்ற அதட்டலால் அடங்கிப்போகிறாள். விறாந்தையிற் செல்லும் அதிபர் அறையின் அமைதியைக் கண்டு மனநிறைவோடு அப்பாற் போகிறார். நல்ல வகுப்புக்கு இலக்கணமாக நம்மிற் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட காட்சி இதுவே.

இக்காட்சியை மாற்றவேண்டும் என்ற குரல் இன்று எழுந்ததன்று. இலங்கையில் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டையும் செயற்பாட்டையும் கற்பித்தலின் உறுப்புகளாக்கிற்று. 2007இல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம் இடைநிலை வகுப்புகளிலும் குழுச் செயற்பாட்டை வலியுறுத்தியது. ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் குழுக்களாகப் பிரிக்கச் சொல்கின்றன, கலந்துரையாடச் சொல்கின்றன, முடிவுகளை முன்வைக்கச் சொல்கின்றன. ஆயினும் இவற்றையெல்லாம் நாம் ஒரு கற்பித்தல் உத்தியாக மட்டுமே விளங்கிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாமல் இருப்பதற்கு ஒரு வழி, மேற்பார்வைக்கு வரும் அதிகாரிக்குக் காட்டுவதற்கு ஒரு வழி என்ற அளவில் நம் சிந்தனை நின்றுவிடுகிறது. கூடிக் கற்றல் என்பது அடிப்படையில் ஓர் அறவியற் பிரச்சினை. அறிவு யாருக்கு உரியது? ஒருவன் அறிந்ததை மற்றவனுக்குக் கொடுப்பது கடமையா, தயவா, அன்றிக் குற்றமா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் வாங்குகளை வட்டமாக இழுத்துப்போடுவதாற் பயனில்லை.

கூடிக் கற்றல் மேனாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று கருதுவோர் நம்மிடையே உளர். அவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தை மறுபடி படித்தல் நலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல், ஆசிரியர் உரைத்தது முழுவதையும் செவ்வனே ஏற்றுக்கொண்ட மாணவனும் காற்பங்கு அறிவையே பெற்றவனாவான் என்கிறது. உடன் பயில்வாரோடு பழகிக் கற்பதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்பும். அதாவது, அறிவின் முக்காற் பங்கு மற்ற மனிதரோடு கொள்ளும் உறவிலே பிறக்கிறது என்பது நம் பழம் இலக்கண ஆசிரியரின் கணக்கு.

எனினும் பழமையைக் கண்டவுடன் மெய்சிலிர்த்து நின்றுவிடுவது முற்போக்காளர் செயலன்று. அதே நன்னூல்தான், ஆசிரியர் முன் மாணவன் தீட்டிவைத்த பதுமைபோல் அடங்கியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பாடம் சொல்லத் தகாதவர் யார் என்ற பட்டியலிற் பிணியாளனையும் மந்தனையும் சேர்க்கிறது. துணை மிகுதியும் தேவைப்படுபவன் எவனோ அவனே வாயிலில் நிறுத்தப்படுகிறான். கூடிக் கற்றலின் பயனை உணர்ந்த மரபு, யாரோடு கூடுவது என்ற வினாவிற்கு வந்தபோது தன் காலத்துச் சமுதாயத்தின் எல்லைக்குள் ஒடுங்கிவிட்டது.

இதே இரட்டைத் தன்மையைத் திண்ணைப் பள்ளியின் கதையிலும் காணலாம். மணலில் விரலால் எழுதுவதும், முன்னேறிய பிள்ளையாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்பள்ளிகளின் வழக்கம். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலால் அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது. யோசப் லங்காஸ்ரர் என்பவரும் அதையொத்த முறையைக் கையாண்டார். விரைவில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் பல்லாயிரவர் இம்முறையிற் பயின்றனர்.

ஆனால் அங்கே நிகழ்ந்தது யாது? ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கிவைக்கும் சிக்கனமான இயந்திரமாக அம்முறை உருமாறியது. சட்டாம்பிள்ளை சக மாணவனாக இருக்கவில்லை. ஆலையின் கங்காணியைப் போன்றவனானான். ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டியதில்லை என்று பெல் அவர்களே கருதினார். வாசிக்கவும் வேதம் கற்கவும் கீழ்ப்படியவும் தெரிந்தாற் போதும்! பிள்ளையே பிள்ளைக்குக் கற்பித்தான் என்பது உண்மை. ஆயினும் அவன் கற்பித்தது கீழ்ப்படிதலை. ஆகவே கூடிக் கற்றல் என்ற வடிவம் தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. எந்த உறவுக்கு அது பணிசெய்கிறது என்பதே வினா.

நம் மண்ணின் வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த ஒரு காலம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் இடமில்லை. அவர்கள் நிலத்தில் இருந்தனர். 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற விதி வந்தபோது, உயர்சாதியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் கொதித்தெழுந்தனர். மனுக்கள் பறந்தன, பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கு எதிராக நின்றது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் ஆசிரியர்களாக இருந்தமை தற்செயலன்று.

ஒரு வாங்கிற்காக ஏன் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள்? பக்கத்தில் அமர்பவன் நாளை பக்கத்திலிருப்பவனிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பான்; மறுநாள் அவனே மற்றவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். அப்படிச் சொல்லிக்கொடுத்த பின் பிறப்பால் உயர்வு என்ற கட்டுக்கதை எங்ஙனம் நிலைக்கும்? எரித்தவர்கள் கூடிக் கற்றலின் வலிமையை நம் பயிற்சிப் பட்டறைகளைவிட நன்றாக விளங்கிக்கொண்டிருந்தனர் என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் வாங்கில் இடம் கொடுத்துவிட்டாற் சமத்துவம் வந்துவிடுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டு அனுபவம் ஒன்று தெளிவு தருகிறது. 1971ஆம் ஆண்டில் தெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரப் பாடசாலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிக்க வழிவந்தோருமான பிள்ளைகள் நீண்டகாலப் பிரிவினைக்குப் பின் ஒரே அறையிற் சேர்க்கப்பட்டனர். சேர்த்தவுடன் அன்பு பெருகவில்லை, கலவரங்களே மூண்டன. சமூக உளவியலாளர் எலியட் அறொன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளை உற்றுநோக்கினர். ஆசிரியர் வினா எழுப்புகிறார். சிலர் கையை உயர்த்தித் துள்ளுகின்றனர். ஒருவன் தவறினால் மற்றவர் முகங்கள் மலர்கின்றன. ஒருவனது தோல்வியே இன்னொருவனது வாய்ப்பு என்ற போட்டியின் நியதி அங்கே ஆட்சிசெய்தது. வசதியான பாடசாலைகளிலிருந்து வந்தவர்களும் வசதியற்ற பாடசாலைகளிலிருந்து வந்தவர்களும் அப்போட்டியில் ஒரே கோட்டில் நிறுத்தப்பட்டனர்.

அவர்கள் செய்த மாற்றம் எளியது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். பாடத்தையும் அத்தனை கூறுகளாக்கினர். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு மட்டுமே கொடுத்தனர். ஒரே கூறைப் பெற்றவர்கள் முதலிற் கூடி அதை ஆராய்ந்தனர். பின்பு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்கு விளக்கினர். துண்டுகளைப் பொருத்தினாலன்றிப் படம் முழுமையாகாத விளையாட்டின் பெயரே இம்முறைக்கும் இடப்பட்டது. ஸ்பானிய மொழியை வீட்டுமொழியாகக் கொண்ட ஒரு சிறுவனைப் பற்றி அறொன்சன் எழுதியுள்ளார். ஆங்கிலத்தில் அவன் தட்டுத்தடுமாறியபோது குழுவினர் முதலிற் கேலிசெய்தனர். அவன் அறிந்த பகுதியும் பரீட்சையில் வரும் என்று அவர்களுக்கு நினைவூட்டப்பட்டது. அதன்பின் அவர்கள் பொறுமையாக வினாக்களைக் கேட்கத் தொடங்கினர். நல்ல வினாக்கள் கிடைக்கவே அவன் நன்றாக விடையளித்தான். அவனிடம் அறிவு இருந்ததென்பதை அவர்கள் கண்டனர். நாளடைவில் நட்பும் வந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது மிகப் பெரிது. அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் சகோதரத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அவர்கள் தம் நலனுக்காகவே முதலில் அவனுக்குச் செவிகொடுத்தனர். நிலைமை மாறியது, நிலைமை மாறியபின் உறவு மாறியது, உறவு மாறியபின் உணர்வும் மாறியது. அறவுரைகளால் மட்டும் மனிதரைத் திருத்திவிடலாம் என்று நம்புவோர் இவ்வொழுங்கைத் தலைகீழாகக் காண்கின்றனர். "ஒற்றுமையாய் இருங்கள்" என்று காலைக் கூட்டத்தில் உபதேசித்துவிட்டு, உள்ளே ஒருவரையொருவர் முந்தும் ஓட்டத்தை நடத்தும் பாடசாலை, தன் உபதேசத்தைத் தானே பொய்யாக்குகிறது.

இனி, கூடிக் கற்றலுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம். அவற்றைப் புறக்கணித்தல் நேர்மையாகாது.

கெட்டிக்காரப் பிள்ளையின் நேரம் வீணாகிறது. அவனது உழைப்பை மற்றவர்கள் சுரண்டுகின்றனர் என்பது முதலாவது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நான்கு பேர் குழுவில் ஒருத்தி எழுதுகிறாள், மூவர் வேடிக்கை பார்க்கின்றனர், மதிப்பெண் நால்வருக்கும் என்ற நிலையை எந்த ஆசிரியரும் அறிவார். ஆனால் இது கூட்டுழைப்பின் குறையன்று. கூட்டுழைப்பு நிகழாமையின் விளைவு. ஒவ்வொருவர் கையிலும் மற்றவர்க்கு இன்றியமையாத ஒரு பங்கு இருந்தாலன்றி அது குழுவாகாது, கும்பலே. பங்கு உண்மையானதாயின் விளக்குபவனுக்கு நட்டமில்லை. சொல்லிக்கொடுக்க முயன்றபோதுதான் தமக்கு எது விளங்கவில்லை என்பதை உணர்ந்த அனுபவம் ஆசிரியர் யாவர்க்கும் உண்டு. சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி (1896-1934) மறுபக்கத்தை விளக்கினார். பிள்ளை இன்று தனித்துச் செய்யக்கூடியதை மட்டும் அளப்பவன் அவனது நேற்றையே அளக்கிறான். இன்று பிறர் துணையோடு செய்வதையே நாளை அவன் தனித்துச் செய்வான் என்பது அவர் ஆய்வின் சாரம். ஆகவே துணை என்பது பலவீனனுக்கு இடும் பிச்சையன்று; மனித அறிவு வளரும் வழியே அதுதான்.

குழுவிலும் வலியவனே பேசுவான், வாயில்லாதவன் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பான் என்பது இரண்டாவது. இது மிகவும் பாரதூரமான குற்றச்சாட்டு. வெளியுலகின் ஏற்றத்தாழ்வு வகுப்பறை வாயிலிற் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவதில்லை. வீட்டிற் புத்தகமுள்ளவன், நகரத்துப் பேச்சை அறிந்தவன், ஆண்பிள்ளை என்ற மிடுக்குள்ளவன் ஆகியோரே குழுவின் தலைவர்களாகின்றனர். ஆசிரியர் விலகி நின்றால் ஜனநாயகம் தானாக மலர்ந்துவிடும் என்பது பேதைமை. பங்கை வகுப்பதிலும், அடங்கிப்போனவளின் குரலுக்கு இடங்காண்பதிலும், பேசுவதற்கு முன் எழுதிச் சிந்திக்க விரும்பும் பிள்ளையின் தனிமையை மதிப்பதிலும் அவரது பொறுப்பு விரிவுரை ஆற்றும்போது இருப்பதைவிடக் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

மூன்றாவது நியாயம் பாடத்திட்டமும் பரீட்சையும். இங்கேதான் முரண்பாட்டின் வேர் இருக்கிறது. காலையில் ஒரு பிள்ளை தன் தோழிக்குக் கணக்கொன்றைச் சொல்லிக்கொடுக்கிறாள்; ஆசிரியர் பாராட்டுகிறார். அதே செயலை அவள் பரீட்சை மண்டபத்திற் செய்தால் தண்டிக்கப்படுகிறாள். தனித்து எவ்வளவு அறிந்திருக்கிறாள் எனச் சோதிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவேண்டியதில்லை. வைத்தியரும் பொறியியலாளரும் தத்தம் தொழிலைத் தாமாக அறிந்திருக்கவே வேண்டும். ஆனால் சோதிப்பதற்காக ஏற்பட்ட தனிமை கற்பதற்கும் விதியாகிவிட்டதே கொடுமை. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் வசதியான பாடசாலையில் இடமும் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல பாடசாலைகள் சிலவாகவும் வசதியற்றவை பலவாகவும் இருக்கும்வரை, அந்த உதவியும் பத்து வயதுக் குழந்தைகளின் போட்டியாகவே முடிகிறது. வெட்டுப்புள்ளி என்னும் ஒரு கோடு, பக்கத்து வாங்கிலிருக்கும் தோழியை எதிரியாக்கிவிடுகிறது. "உன் குறிப்பை ஒருவருக்கும் கொடுக்காதே" என்று பிள்ளைக்குச் சொல்லும் தாய் கெட்டவளல்லள். பற்றாக்குறையே அவள் வாயாற் பேசுகிறது. ஒலிவாங்கி வைத்து நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் நடத்தும் தனியார் கல்வி நிலையங்கள் அந்தப் பற்றாக்குறையின் அறுவடை. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வியைப் பெற்ற நாட்டில், பெற்றோர் மாலைதோறும் கல்வியை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

எனவே வகுப்பறையிற் கூடிக் கற்றலை வளர்ப்பவர், பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைப் பற்றி வாய்திறவாதிருப்பாராயின் அவர் பாதி வேலையையே செய்கிறார். மறுபாதி வரும்வரை காத்திருப்போம் என்று கைகட்டி நிற்பவரோ அந்தப் பாதியையும் செய்வதில்லை.

கூடிப் பேசுவது எதைப் பற்றி என்பதும் சிந்திக்கத்தக்கது. மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றிற் பின்னக் கணக்குக் கற்பிப்பதாகக் கொள்வோம். அரை, கால் என்று பழத்தை வெட்டிக்காட்டுவது வழக்கம். ஆனால் அப்பிள்ளைகள் 'அரைப்பேர்' என்ற சொல்லைத் தாய்ப்பாலோடு அறிந்தவர்கள். குறித்த எடைக் கொழுந்து பறிக்கத் தவறினால் அந்நாளுக்கு அரைப்பேர்தான். குறித்த எடை 18 கிலோ, தாய் பறித்தது 16 கிலோ என வைத்துக் குழுக்களுக்குக் கணக்கைக் கொடுங்கள். செய்த வேலை ஒன்பதில் எட்டுப் பங்கு. கிடைத்த கூலி இரண்டில் ஒரு பங்கு. எது பெரிய பின்னம், எவ்வளவு பெரியது என்று ஆசிரியர் கேட்கிறார். அதன்பின் வரும் வினாவை அவர் எழுப்பவேண்டியதில்லை, பிள்ளைகளே எழுப்புவர். அவ்வேளையிற் கணிதம் தெரிந்தவனைவிடத் தராசடியில் தாயோடு நின்றவள் குழுவில் அதிகம் பேசுவாள். அதுகாறும் மந்தம் எனக் கணிக்கப்பட்டவள் அறிவின் உரிமையாளராகும் கணம் அது.

பிறேசில் நாட்டின் பௌலோ பிறேறி இதையே முதியோரிடையே செய்தார். 1963இல் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறக்குறைய 300 தொழிலாளர் எழுத்தறிவு பெற்றனர். அரிச்சுவடியிலிருந்து தொடங்காமல் அவர்தம் வாழ்க்கையில் வழங்கிய சொற்களிலிருந்தும், அவற்றைப் பற்றிய உரையாடலிலிருந்தும் பாடம் தொடங்கிற்று. எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை இல்லாத நாட்டில் அது வெறும் அகரம் கற்பித்தலாக இருக்கவில்லை. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் பிறேறி சிறையிலிடப்பட்டார். பின்பு நாட்டைவிட்டு வெளியேறினார். வங்கியிற் பணம் போடுவதுபோல மாணவன் தலையிற் செய்தியைப் போட்டுவைக்கும் கல்வியை அவர் பிற்காலத்து நூலிற் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் வாங்கைக் கண்டு அஞ்சியவர்களும் பிறேசிலில் உரையாடலைக் கண்டு அஞ்சியவர்களும் ஒரே அச்சத்தையே அஞ்சினர்.

ஆசிரிய நண்பர்களே, இறுதியாக நம்மை நோக்கியே ஒரு வினாவை எழுப்பவேண்டியுள்ளது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறோம். நம் பாடக்குறிப்பை அடுத்த வகுப்பு ஆசிரியருக்குக் காட்டுகிறோமா? நம் மாணவர் பெற்ற பெறுபேற்றை அயற் பாடசாலையின் பெறுபேற்றோடு ஒப்பிட்டு உள்ளூர மகிழ்கிறோமே, அம்மகிழ்ச்சி ஒஸ்ரின் நகரத்துப் பிள்ளைகளின் முகமலர்ச்சியிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? ஆசிரியர் கூட்டத்தில் அதிபரின் முன் பதுமைகளாக இருந்துவிட்டு வந்து, "அஞ்சாமற் கேளுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் நம் சொல்லை நம்புவார்களா, நம் முதுகெலும்பை நம்புவார்களா?

தான் அறிந்த யாவும் பிறர் உழைப்பாலும் பிறர் சொல்லாலும் தன்னை வந்தடைந்தவை என்பதை உணர்ந்தவனுக்கு, அறிவைப் பகிர்தல் தயவாகத் தோன்றாது. திருப்பிச் செலுத்தும் கடனாகவே தோன்றும். அந்தக் கடனுணர்வைப் பிள்ளைகளிடத்தே வளர்ப்பதற்குப் பெரிய வசதிகள் வேண்டியதில்லை. நாளைக்கு வகுப்பில் அச்சிறுமி பக்கத்திலிருப்பவளிடம் மெல்ல ஒரு சொல்லைக் கேட்கும்போது அதட்டாமல், "நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்ப்போம். விறாந்தையிற் செல்லும் அதிபர் நின்று பார்ப்பார். அவருக்கு விளக்கவேண்டியதும் நம் கடமையே.